பழனி மொட்டை

“பழனியா, திருப்பதியா?” என்று சூடாமணி மாமி கேட்டாள்.

ஷைலஜா குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. நகரத்தில் ஸ்ரீவராகம் பகுதியில் அந்த வீட்டுக்கு வந்து அன்றைக்கு மூன்றாவது நாள். முன்பக்கம் வீட்டுக்கார மாமியின் குடும்பம். பின்பக்கம் ஒரு அறையும் சமையல் மேடையும் ஷைலஜாவுக்கும் அவள் அப்பா ராஜையனுக்கும். மாமி தபாலாபீசு வேலைக்குக் கிளம்பிக் குடையும் பையுமாக நின்றிருந்தாள். பிள்ளையின் தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணிக்கு அடியில் முடி இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு முடிவெடுக்க நுரை துப்புகிற நேரம் போதும். துப்பினாள்.

“பழனி.”

“அதானே பார்த்தேன். அப்பாவுக்காகவா?”

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. வீடு பிடித்துக் கொடுத்த தரகர் லிங்கம் மாமியிடம், ஆஸ்பத்திரிக் கேஸ், ஆறு வாரம், தங்கமான மனுஷன் என்று மட்டும் சொல்லியிருந்தார். யாருக்கு நோய் என்று சொல்லவில்லை. ராஜையன் ஒல்லி. ஆறு மாதமாகச் சரியாகத் தூங்காததில் கன்னம் ஒட்டிக் கண் குழிந்திருந்தது. சட்டை அவர் உடம்பில் கொடியில் காய்கிற மாதிரி ஆடும். பிள்ளையோ மாத்திரையால் கன்னம் உப்பிப் பார்க்க ஜம்மென்று இருந்தாள். இருவரையும் சேர்த்துப் பார்க்கிற யாருக்கும் நோயாளி யார் என்பதில் சந்தேகமே வராது.

“ஆமா,” என்றாள் ஷைலஜா.

“சமத்து. ஸ்வாமி கைவிடமாட்டார்.” மாமி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ராஜையன் பாறசாலைப் பக்கத்துக்காரர். வாழைக்குலை வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிறிஸ்தவ சபைக்குப் போகிற குடும்பம். பழனி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட ஷைலஜாவுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் ராஜையன், ஷைலஜா மாதிரிப் பெயர்களை வைத்து யார் கோவிலுக்குப் போகிறவர், யார் சபைக்குப் போகிறவர் என்று சொல்லிவிட முடியாது. அம்மா கூட வந்திருந்தால் எலிசாள் என்ற பெயரைக் கேட்டதுமே மாமிக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். எலிசாள் அங்கன்வாடி டீச்சர். லீவெல்லாம் தீர்ந்து ஊரில் இருந்தாள். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாகப் பேச்சு.

ஷைலஜாவின் மூளையில், பின்பக்கத்தில், ஒரு கட்டி இருந்தது. கார்த்திகையில் காலை வாந்தியும் தலைவலியுமாக ஆரம்பித்து, நடந்தால் இடது பக்கம் சாய ஆரம்பித்ததும் கண்டுபிடித்தார்கள். அறுவை செய்து பெரும்பாலும் எடுத்தாயிற்று. ஆழத்தில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் தொட்டால் வேறு ஏதாவது கெட்டுப்போகும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது கோடை விடுமுறையில் ஆறு வாரம் கதிர்வீச்சு; அதற்காகத்தான் தலையை மறுபடி மழித்திருந்தார்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

“அது வளருமா?” என்று அவள் டாக்டரிடம் கேட்டிருந்தாள்.

“வளரலாம். சும்மாவும் கிடக்கலாம்.”

“நான் வளருவேனா?”

“நீ எங்கே போவே? வளர்ந்துதானே ஆகணும்.”

அந்த டாக்டரை அவளுக்குப் பிடித்துவிட்டது.

ஊரில் பிரச்சினை கட்டி இல்லை. ஊரில் எல்லோரும் அவளிடம் தோற்க ஆரம்பித்திருந்தார்கள். கேரம் ஆடினால் சிவப்புக் காயை அவள் பக்கத்துக் குழி ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒளிந்து விளையாடினால் ஒளிந்தவர்கள் இருமிக் காட்டிக்கொடுத்தார்கள். அவளைப் போன வருஷம் மாமரத்திலிருந்து தள்ளிவிட்ட பிரதீஷ்கூட ஓட்டப்பந்தயத்தில் பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. கொஞ்ச நாளில் ஆடப் போவதையே விட்டுவிட்டாள்.

ஸ்ரீவராகத்தில் முதல் நாள் சாயங்காலமே மாமியின் பிள்ளைகள் தெருவில் கரியால் கோடு போட்டு, கயிறு கட்டிப் பழைய வேட்டியைத் தொங்கவிட்டு ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாய்க்குப் பன்னிரண்டு வயது. பத்மஜாவுக்கு ஷைலஜா வயது. ஆட்டோ வந்தால் கயிற்றை அவிழ்ப்பது, போனதும் கட்டுவது. மூன்றாவது ஆள் கிடைத்ததும் அந்த வேலையை அவளிடம் கொடுத்தார்கள். பிறகு மட்டையையும் கொடுத்தார்கள். பத்மஜா பதினொன்றுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டு, “நோக்கு ஆடவே தெரியலடி. காலா அது, வாழைத்தண்டா?” என்றாள்.

அன்றைக்கு ராத்திரி ஷைலஜா சிரித்தபடியே தூங்கிப்போனாள். ராஜையன் அதைப் பார்த்துவிட்டு, காரணம் தெரியாமல் விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

குழாயடியில் பழனி என்று சொன்னது இதற்காகத்தான். உண்மை தெரிந்தால் பத்மஜாவும் தோற்க ஆரம்பித்துவிடுவாள்.

காலையில் ஆஸ்பத்திரி. அவள் முகத்துக்கென்றே வார்த்த வெள்ளை வலை முகமூடி ஒன்று அங்கே அலமாரியில் இருந்தது. அதை மாட்டி மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். அசையக்கூடாது. மெஷின் சுற்றி வரும். வலி கிடையாது. மெஷினை ஓட்டுகிற பிஜி சேட்டன் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார். இரண்டு பாட்டு முடிவதற்குள் வேலை முடிந்துவிடும். முகமூடியைக் கழற்றினால் கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தடம் இருக்கும். சாய் ஒருநாள், “அதென்ன மூஞ்சியிலே?” என்று கேட்டதற்கு, “கயித்துக் கட்டில்ல படுத்தேன்,” என்றாள். பொய் சொல்வது இத்தனை சுலபம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மத்தியானம் களைத்துத் தூங்குவாள். சாயங்காலம் ஆட்டம். தோல்வி. ஒருநாள் மூன்று பாயிண்ட், ஒருநாள் ஐந்து. டாக்டரிடம் கேட்டபோது, களைத்தால் உட்கார வேண்டும், மற்றபடி ஆடு என்று சொல்லிவிட்டார்.

ராஜையனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. தினமும் ஏழு மணிக்கு மாமி வீட்டிலிருந்து ஒரு தூக்கில் கஞ்சி வந்தது. உப்பு குறைவாக, நெய் ஒரு சொட்டு விட்டு. அவர் குடத்தைத் தூக்கினால் சாய் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். “மாமா, நீங்க உக்காருங்கோ.” ஒருநாள் மாமியின் கணவர் நாகேஸ்வரன், கோவில் ஆபீசிலிருந்து வருகிற வழியில் நின்று, அவர் தோளைத் தட்டி, “தைரியமா இருங்கோ. எல்லாம் சரியாப் போயிடும்,” என்றார். ராஜையன், பிள்ளையின் விஷயத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கைகூப்பினார்.

“மக்களே, நல்ல மனுஷங்க,” என்று மகளிடம் சொன்னார். “ஆனா இந்தக் கஞ்சி என்னத்துக்குன்னு தெரியல்ல.”

“குடியுங்கப்பா. உடம்புக்கு நல்லது,” என்றாள் ஷைலஜா.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை மாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ஏண்டி, பழனிக்குப் போயிட்டு வந்தவா பஞ்சாமிர்தம் ஒரு ஸ்பூன் தரலியே.”

“தீந்துபோச்சு.”

“சந்தனமாவது வெச்சுண்டியோ? மொட்டை போட்டா சந்தனம் பூசிக்கணும். இல்லேன்னா சூடு கண்ணுக்கு ஏறிடும்.” சொல்லிக்கொண்டே உள்ளே போய்க் கல்லில் அரைத்துக் கிண்ணத்தோடு வந்தாள். ஷைலஜா துணியைப் பின்பக்கம் அவிழாமல் முன்னால் மட்டும் நகர்த்திக்கொடுத்தாள். மாமியின் விரல் உச்சியில் ஆரம்பித்து இறங்கியது. கதிர் பட்டுப்பட்டுத் தோல் எரிந்துகொண்டிருந்த தலை. அந்தக் குளிர்ச்சியில் அவளுக்குக் கண் சொருகியது. எழுந்து போக மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் பிஜி சேட்டன் முகமூடியை மாட்டப் போனவர் நின்றுவிட்டார். துணிக்குக் கீழே, காதுக்குப் பின்னால், மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது.

“இது எந்தா மோளே? சந்தனமா?”

ராஜையனை உள்ளே கூப்பிட்டார்கள். எண்ணெய், சோப்பு, பவுடர், எதையும் தோலில் போடக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்த தாளை பிஜி சேட்டன் அவருக்கே படித்துக் காட்டினார். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் மெஷின் ஓடியது.

வீட்டுக்குத் திரும்பும்போது கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராஜையன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சந்தனம் ஆரு வெச்சா?”

“மாமி.”

“என்னத்துக்கு?”

“பழனியில மொட்ட போட்டா வைக்கணுமாம்.”

“ஆரு பழனியில மொட்ட போட்டது?”

“நான்.”

“எப்பம்?”

“போடல்ல. போட்டேன்னு சொன்னேன்.”

“என்னத்துக்குப் போட்டியாம்?”

ஷைலஜா வெளியே பார்த்தாள். “நீங்க சுகமாவணும்னு.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று புறப்பட்டது. ராஜையனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து திரும்பினாள். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

“அப்பம் அந்தக் கஞ்சி?”

“ஆமா.”

“அந்தப் பய குடத்தப் பிடுங்குனது?”

“ஆமா.”

“நாகேஸ்வரன் சாரு தோள்ல தட்டுனது?”

“உங்களப் பாத்தா யாரானாலும் நம்புவாங்கப்பா.”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவர் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“சிரிச்சாச்சு. பொய்யி பொய்யிதான் மக்களே. ஞாயித்துக்கிழம அம்மை வருவா. அதுக்கு முன்ன நீ சொல்லணும்.”

“நீங்க சொல்லாண்டாம்.”

“நான் சொல்ல மாட்டேன். கேட்டா இல்லைன்னு மறைக்கவும் மாட்டேன்.”

“சொன்னா அவங்க என்கிட்ட தோப்பாவ.”

“தோத்தா என்ன?”

“ஊர்ல எல்லாரும் தோக்காவ. நீங்களும்தான். லூடோவில உங்களுக்கு ஆறு விழுந்தா கட்டையத் தட்டிவிடுவிய. நான் பாத்தேன்.”

ராஜையன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். இறங்குகிற இடம் வந்ததும், அவள் இடது பக்கம் சாயாமலிருக்க வழக்கம்போல் முழங்கையைப் பிடிக்கப் போனார். பிடிக்காமல் பின்னால் இறங்கினார்.

சந்தனம் அலர்ஜி என்று ஷைலஜா மாமியிடம் சொன்னாள்.

“முருகன் சந்தனத்துக்கே அலர்ஜியா? நல்ல காலம்டி இது,” என்றாள் மாமி. பிறகு, “அப்பா பேர்லே ஒரு அர்ச்சனை பண்ணிடறேன். என்ன நட்சத்திரம்?” என்று கேட்டாள்.

“மறந்துட்டு.”

“அப்பாவோட நட்சத்திரம் தெரியாதா? எங்காத்துப் பூனையோட நட்சத்திரம்கூட நேக்குத் தெரியும்,” என்றான் சாய்.

அன்றைக்குக் கஞ்சியில் நெய் இரண்டு சொட்டு மிதந்தது. ராஜையன் மகளைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம். சொல்ல வேண்டிய கடைசி நாள். ஷைலஜா மத்தியானமே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள். ஆனால் மட்டையைக் கையில் எடுத்ததும், ஆட்டம் முடியட்டும் என்று தோன்றியது. அன்றைக்குக் கை நன்றாக ஓடியது. இடது காலை அகலமாக ஊன்றிக்கொண்டால் சாய்வு குறைகிறது என்று இரண்டு நாளைக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஆறுக்கு ஆறு. பத்மஜாவுக்கு வியர்த்தது. “கள்ளி, ஒளிச்சு வெச்சிண்டிருந்தியா இத்தனை நாளா?” என்றாள். ஏழுக்கு ஆறு. ராஜையன் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மணியடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டி வந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். சாய் ஒரு கோன் வாங்கினான். ராஜையனும் எழுந்து வந்து மகளுக்கு ஒன்று வாங்கிவிட்டு, பத்மஜாவிடம் ஒன்றை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேண்டாம் மாமா.”

“தொண்டைக் கட்டா?”

“இல்லே.” பார்வை முழுக்கக் கோனில்தான் இருந்தது.

“அவ சாப்பிடமாட்டா,” என்றான் சாய், நக்கிக்கொண்டே. “நேர்ந்துண்டிருக்கா. மாமாவுக்கு குணமாகிற வரைக்கும் ஐஸ்கிரீம் கிடையாதாம். பதினோரு நாளாச்சு. நேத்து பிறந்தநாள் பார்ட்டியிலே கூடத் தொடலே. எல்லாரும் திங்கறச்சே பாத்ரூம்லே போய் நின்னுண்டா.”

“போடா. வெளியே சொன்னா பலிக்காது,” என்று பத்மஜா அவன் முதுகில் மட்டையால் அடித்தாள்.

ராஜையன் கையில் கோன் உருகி விரலில் வழிந்தது.  அவர் மகளைப் பார்க்கவில்லை.

ஷைலஜாவுக்குக் கோத்து வைத்த வார்த்தை ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள். “எனக்குத்தான். தலைக்குள்ள கட்டி. ஆபரேஷன் செஞ்சாச்சு. பாக்கி ஒரு துணுக்கு இருக்கு. தெனமும் அதுக்குத்தான் ஆஸ்பத்திரி. பழனிக்கு நான் போகல்ல. நாங்க சபைக்குப் போறவங்க.”

அவர்கள் நம்பவில்லை என்று தோன்றியது. துணியை அவிழ்த்துத் திரும்பி நின்றாள். பிடரியிலிருந்து மேலே, ஜிப் வைத்துத் தைத்ததுபோல் நேராக ஒரு தழும்பு. இரண்டு பக்கமும் கதிர் பட்டுக் கறுத்த தோல்.

சாயின் கோன் சாய்ந்து ஐஸ்கிரீம் தரையில் விழுந்தது. அவன் பார்க்கவில்லை. “வலிக்கிறதா?” என்று கேட்டான். ஊரில் எல்லோரும் பேசுகிற அந்தக் குரல். ஷைலஜா துணியை மறுபடி தலையில் கட்டிக்கொண்டாள்.

ஆபீசிலிருந்து வந்துகொண்டிருந்த மாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். குடையை மடக்கினாள். ராஜையனைப் பார்த்தாள்.

“அப்போ ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணும் இல்ல,” என்றார் ராஜையன், குற்றம் செய்தவர் போல.

“ரெண்டு வாரமா கஞ்சி குடிச்சேளே.”

“நல்லா இருந்துது.”

மாமி ஷைலஜாவின் பக்கம் வந்தாள். கை தலைக்குப் போய், சந்தனம் நினைவு வந்து, பாதியில் நின்று, தோளில் இறங்கியது. “நான் வேற சந்தனத்தை அப்பி வெச்சேனே. எரிஞ்சுதாடி?”

“இல்ல மாமி. குளுகுளுன்னு இருந்துது. அதுக்காகத்தான் சும்மா இருந்தேன்.”

மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தக் கஞ்சி நாளையிலிருந்து இவளுக்கு என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

வண்டி போய்விட்டது. சாய் கயிற்றைக் கட்டினான். தங்கையின் கையிலிருந்து மட்டையை வாங்கிக்கொண்டு, “ஆட்டத்தை முடிக்கலாம். நான் போடறேன்,” என்றான். இறகுப் பந்தைக் குழந்தைக்கு உருட்டிவிடுவது போல் மேலே மெதுவாக ஏற்றிவிட்டான். அது ஷைலஜாவின் மட்டைக்கு நேராக, தானே வந்து உட்காருகிற மாதிரி இறங்கியது. அவள் கையை அசைக்கவில்லை. பந்து காலடியில் விழுந்தது.

“ஒழுங்காப் போடு,” என்றாள்.

இன்னொன்று போட்டான். அதைவிட மெதுவாக.

அவள் மட்டையைக் கீழே வைக்கப் போனாள். அப்போதுதான் பத்மஜா அண்ணனிடமிருந்து மட்டையைப் பிடுங்கினாள். அவள் முகம் சிவந்திருந்தது. அழுகையா கோபமா என்று சொல்ல முடியவில்லை.

“பதினோரு நாளு,” என்றாள். “பட்டர்ஸ்காட்ச் இருந்தது அந்தப் பார்ட்டியிலே. தெரியுமா நோக்கு? பட்டர்ஸ்காட்ச்.”

“தெரியாது.”

“பொய்யி. பொய்யி. எல்லாம் பொய்யி. தள்ளுடா நீ.” அண்ணனை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பந்தை அடித்தாள். அது ஷைலஜாவின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டது. “ஏழுக்கு ஏழு.”

“பத்மூ, மெதுவாடி,” என்றாள் மாமி.

“அவ மெதுவாவா பொய் சொன்னா?”

அடுத்ததும் அதே வேகத்தில் வந்தது. ஷைலஜா இடது காலை அகலமாக ஊன்றித் திருப்பி அடித்தாள். எட்டுக்கு ஏழு. ஒவ்வொரு அடிக்கும் பத்மஜா ஏதாவது சொன்னாள். கயித்துக் கட்டிலாம். அடி. அலர்ஜியாம். அடி. ஷைலஜாவுக்கு மூச்சு வாங்கியது. ஒன்பதுக்கு ஒன்பது ஆனபோது மூலையில் விழப்போன ஒரு பந்துக்குத் தாவினாள். தெரு இடது பக்கம் சரிந்தது. முழங்கால் சிராய்க்க விழுந்தாள்.

மாமி எழுந்துவிட்டாள். சாய் ஓடினான்.

“விடுடா. அவளே எழுந்திருப்பா,” என்றாள் பத்மஜா. “பாயிண்ட் நேக்கு.”

“உனக்கில்ல,” என்றாள் ஷைலஜா, தரையில் கிடந்தபடியே. “பந்து கோட்டுக்கு வெளிய விழுந்துது.”

“உள்ளேதான்.”

“வெளிய.”

“கள்ளி. இன்னும் பொய்யா?”

“நான் பாத்தேன். அப்பாகிட்ட கேளு. அப்பா நேராத்தான் உக்காந்திருக்காவ.”

எல்லோரும் ராஜையனைப் பார்த்தார்கள். அவர் படியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தார். மகள் விழுந்தபோது எழாமல் இருப்பதற்காகப் பிடித்த பிடி, இன்னும் விடவில்லை. பந்து விழுந்த இடத்தைப் பார்த்தார். மகளின் சிராய்ந்த முழங்காலைப் பார்த்தார்.

“உள்ளதான் மக்களே,” என்றார்.

ஷைலஜா அப்பாவை முறைத்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து, பாவாடையிலிருந்து மண்ணைத் தட்டி, இடது காலை அகலமாக வைத்து நின்றாள்.

“பத்துக்கு ஒம்பது,” என்றாள். “போடு.”